நான் ஷாமிலா, லிம்போட்டுத் தோட்டம்

சின்னத்திரையில் ஷாமிலா மூன்று தடவை செத்திருக்கிறாள். ஒரு தடவை மண்சரிவில், ஒரு தடவை பிரசவத்தில், இன்னொரு தடவை காதலனுக்காக மருந்து குடித்து. மூன்றும் சிங்கள நாடகங்கள். மூன்றிலும் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை. கொழும்பு டைரக்டர்மாருக்கு மலையகத்துப் பெண் என்றால் கூடையோடு பிறந்து கூடையோடு போய்ச் சேருகிறவள்தான். ஷாமிலாவோ ஒரு நாள்கூட மலையில் நின்று கொழுந்து பறித்தவள் இல்லை. ஏ.எல். பரீட்சை முடித்து, ஹட்டனில் ஒரு நாடகக் குழுவில் இரண்டு வருடம் ஆடி, அங்கிருந்து கொழும்புக்குப் போனவள். வெள்ளவத்தையில் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, படப்பிடிப்பு இல்லாத நாட்களில் ஒரு துணிக்கடையில் நின்றாள்.

சாவதுகூடப் பரவாயில்லை. பேர் வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நாடகம் முடிந்ததும் எழுத்து ஓடும் பாருங்கள், அதில் அவள் பேர் இருக்கவேண்டிய இடம் வருவதற்குள் சோப்பு விளம்பரத்தைப் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை முழுதாக ஓடியது. அதில் 'தோட்டத்துப் பெண்கள்' என்று மொத்தமாக எழுதி, கீழே ஒரு பேரும் இல்லை. லிம்போட்டுத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் அவளுடைய அம்மா அழகம்மா அன்றைக்கு அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு, வரிசை வீடுகளான லயத்தில் தங்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பாய் விரித்து உட்காரவைத்திருந்தாள். முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, "என்னா அழகம்மா, ஒம்மக பேரு வருமுன்னு சொன்ன, ஒன்னத்தையும் காணோமே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குப் பிறகு அழகம்மா யாரையும் கூப்பிடவில்லை. மகள் சாகிறதைத் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்.

நடிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்துக் கொழும்புக்கு வந்தவள் ஷாமிலா. தானாக வந்தது பசி மட்டும்தான். மற்றதைச் சொல்லிக்கொடுத்தவள், இல்லை, திட்டித் திட்டி மண்டையில் ஏற்றியவள் நிரூபா. யாழ்ப்பாணத்துப் பெண், ஷாமிலாவின் வயதுதான். முன்னே நடித்துக்கொண்டிருந்தாள். நடிப்பதைவிட நடிகர்களைப் பிடித்துக் கொடுப்பதில் வயிறு நிறைகிறது என்று கண்டுகொண்டு, விளம்பரக் கம்பெனிகளுக்கும் நாடகக் கம்பெனிகளுக்கும் ஆள் தேடிக் கொடுத்துக் கொமிஷன் எடுக்கிறவளாக மாறிவிட்டாள்.

முதல்முதலாக ஷாமிலா அவளிடம் கொண்டுபோன படம், தலவாக்கலை ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் அருவி கொட்டுகிறது. முகத்தை வெள்ளையடித்து வைத்திருக்கிறான் அந்த ஸ்டூடியோக்காரன்.

"இதில நான் ஆரை நடிக்க அனுப்புறது? உம்மையோ, இந்த அருவியையோ?" என்று கேட்டாள் நிரூபா. "சும்மா ஒரு சுவருக்கு முன்னால நிண்டு, முகத்தைக் கழுவிப்போட்டு எடுத்துக்கொண்டு வாரும்."

அப்படித்தான் ஒவ்வொன்றாகப் படித்தாள். 'எவ்வளவு குடுத்தாலும் சரிங்க' என்று வாயால் சொல்லக்கூடாது. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்காமல், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்றும் கேட்கவேண்டும். போக்குவரத்து யார் செலவு, சாப்பாடு யார் செலவு, மழை வந்து படப்பிடிப்பு நின்றால் அந்த நாள் யார் தலையில். ஒரு கம்பெனிக்குக் கொடுத்த தேதியை இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் கூப்பிடமாட்டார்கள். நாலாவது தடவையும் கூடையோடு சாகக் கூப்பிட்டபோது, "சாவுக்கு நான் வர்ல, வேற எதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்று சொல்லவும் படித்தாள். சொல்லிவிட்டு இரண்டு மாதம் துணிக்கடையிலேயே நின்றாள் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் நிரூபா ஒரு நாள் தொலைபேசியில் பேசினாள்.

"ஒரு விளம்பரம் வந்திருக்கு. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆக்களை அனுப்புற ஏஜென்சி. ஒரு நாள் வேலைதான். கூடை இல்லை. நல்ல சாறி, நல்ல வீடு. நான் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போறன், வரமாட்டன். தனியச் சமாளிப்பீரோ?"

"சமாளிப்பேன்" என்றாள் ஷாமிலா. கூடை இல்லை என்ற சொல்லிலேயே மனசு குளிர்ந்துவிட்டது.

படப்பிடிப்பு நுகேகொடையில் ஒரு பெரிய வீட்டில். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி வந்து, வீடு கட்டி, பிள்ளையைப் படிக்கவைக்கிற பெண் அவள். பெரிய குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று சொல்லவேண்டிய வசனம் இதுதான்: 'நான் மாலதி. மூணே வருஷத்துல எங்குடும்பத்த நிமித்திட்டேன். நீங்களும் வாங்க.'

ஒத்திகை பார்க்கும்போது ஷாமிலாவுக்குள் ஒன்று குறுகுறுத்தது. யாரிந்த மாலதி? முதல் தடவையாகக் கூடை இல்லாமல், முகம் முழுசாகத் தெரிய, வாய் திறந்து பேசப்போகிறாள். அதையும் கொண்டுபோய் இன்னொருத்தி பேருக்கு எழுதிவைப்பதா? அம்மா பாயை விரித்து ஊரைக் கூட்டி வைத்துவிட்டு முகம் தொங்க உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. டைரக்டரிடம் போனாள்.

"சேர், எம்பேரையே சொல்லட்டுமா? எங்க தோட்டத்துப் பேரோட. இனிமே எங்கயும் பேரு இல்லாம நான் நடிக்கிறதில்லன்னு வச்சிருக்கேன்."

கொஞ்சம் கெத்தாகத்தான் கேட்டாள். வாழ்க்கையில் அவள் பேசிய முதல் பேரம் அது. டைரக்டர் பதில் சொல்லுமுன்னே, ஏஜென்சியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகாமையாளர் எழுந்தே விட்டார்.

"நல்லா இருக்கே! அப்படியே சொல்லட்டும். தோட்டம் பேரு கட்டாயம் வரட்டும்."

பேரம் பேசப் போனால் எதிராளியின் முகம் கொஞ்சமாவது சுருங்கவேண்டும். சுருங்காமல் மலர்ந்தால், நாம் கேட்டது நமக்கா அவருக்கா என்று ஒரு தடவை நின்று யோசிக்கவேண்டும். இது நிரூபா சொல்லிக்கொடுக்காத பாடம். ஷாமிலாவோ பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தாள். முகப்பூச்சு மேசையிலேயே இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார்கள். தேதி சரியா, சம்பளம் சரியா என்று பார்த்தாள். மீதியெல்லாம் பொடி எழுத்தில் இங்கிலீசு. முகாமையாளர் பேனாவால் ஒரு ஓரத்தில் ஏதோ சேர்த்து எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கமராவைப் பார்த்துச் சிரித்தாள். "நான் ஷாமிலா, லிம்போட்டுத் தோட்டம், தலவாக்கலை. மூணே வருஷத்துல எங்குடும்பத்த நிமித்திட்டேன். நீங்களும் வாங்க." ஒரே தடவையில் சரியாக வந்தது. அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

விளம்பரம் வெளியே வந்தது. மலையகப் பக்கத்து ஆட்களின் கைபேசிகளில் மட்டும் ஓடும்படி விட்டிருந்தார்கள், அதனால் வெள்ளவத்தையில் யாரும் பார்க்கவில்லை. தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் அவள் முகம் போட்ட பெரிய பலகை ஒன்று எழும்பியது. போதாததற்கு, ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தோட்டம் தோட்டமாக அவள் குரலை ஓடவிட்டார்கள். மலையில் நின்ற பெண்கள் கொழுந்து பறிக்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம்.

"ஒம்பேரு மலையெல்லாம் கேக்குதுடி" என்றாள் அழகம்மா தொலைபேசியில். அழுதாளா சிரித்தாளா என்று தெரியாத குரல். "காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப கங்காணியே கேட்டாரு, இது ஒம்மவ தானேன்னு. ஆமாங்க, எம்மவதான்னேன்."

அம்மாவின் அந்தக் குரலுக்காகவே இன்னும் நூறு விளம்பரம் நடிக்கலாம் என்று ஷாமிலாவுக்குத் தோன்றியது. யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்?

ஒரு மாதம் கழித்து அழகம்மா மறுபடி போன் எடுத்தாள். ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டு, போகிறபோக்கில் சொன்னாள்:

"நம்ம நாகலெட்சுமி டுபாய்க்குக் கெளம்புறா. வைத்தியச் சோதனையெல்லாம் முடிஞ்சிருச்சு. நம்ம கணக்குல மட்டும் நாலு பேரு போறாங்க. எல்லாம் ஒன்னால தான்னு சொல்றாங்க."

பெருமையாகத்தான் சொன்னாள் அம்மா. ஷாமிலாவுக்குப் பெருமை வரவில்லை.

நாகலெட்சுமி யாரோ இல்லை. ஒரே லயம், ஒரே வகுப்பு, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்த சிநேகிதி. புருஷன் கிஷாந்த் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு கடையில் இருக்கிறான், நினைத்தால் வருவான். நாகலெட்சுமிக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகும்போதே இரண்டு தரம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவள். அவள் எப்படி டுபாய்க்குக் கிளம்பினாள்?

எப்படி என்று ஷாமிலாவுக்குத் தெரியும். அந்தத் தோட்டங்களில் பிறந்த யாருக்கும் தெரியும். வெளிநாட்டு வேலைக்கு அங்கே யாரும் கம்பெனியை நம்பிப் போவதில்லை, தெரிந்த முகத்தை நம்பித்தான் போவார்கள். எந்தத் தரகன் வந்தாலும், போய்விட்டு வந்த ஒருத்தியை முன்னால் விட்டுத்தான் லயத்துக்குள் காலை வைப்பான். 'நான் சொல்ல வேணாம், இவளக் கேளுங்க, இந்தத் தோட்டத்துப் புள்ளதானே' என்பான். அவளுடைய கூரையைப் பார்த்து, அவளுடைய முகத்தைப் பார்த்து, அவளிடம் நாலு கேள்வி கேட்டபிறகுதான் பேச்சே தொடங்கும். முகாமையாளர் அன்றைக்கு எதற்காக நாற்காலியை விட்டு எழுந்தார் என்று இப்போது விளங்கியது. அவருக்கு நடிகை தேவைப்படவில்லை. முன்னால் விடுவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அதைத் தட்டில் வைத்து, பேரோடும் தோட்டத்தோடும் இவளே கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கே நிரூபாவுக்கு விளம்பரத்தையும் ஒப்பந்தத்தையும் கைபேசியில் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவள் அழைத்தாள்.

"உம்மட பேரைச் சொல்லச் சொன்னது ஆர்?"

"நான்தான் கேட்டேன்."

 

"ஷாமிலா, மாலதி எண்டு சொல்லியிருந்தால் அது நடிப்பு. உம்மட பேரும் உம்மட ஊரும் எண்டால் அது சாட்சி. ரெண்டும் ஒண்டில்லை. மூண்டு வருசத்துக்கு, எங்க வேணுமெண்டாலும் போடலாமெண்டு எழுதியிருக்கு. பேரையும் பாவிக்கலாமெண்டு ஓரத்தில கையால எழுதிச் சேர்த்திருக்கினம். இதை வாசிக்காமலோ கையெழுத்து வைச்சனீர்?"

"சம்பளத்தையும் தேதியையும் பார்த்தேன்."

"அது நான் சொல்லித் தந்தது. மற்றதை நான் சொல்லேல்லை." என்றாள் நிரூபா. "இன்னொண்டும் சொல்லவேணும். அந்த ஏஜென்சிக்காரர் எனக்குப் போன் எடுத்தவை. ஒரு வருசத்துக்கு நீர்தான் அவையின்ர முகம், மாசா மாசம் சம்பளம் எண்டு கேக்கினம். துணிக்கடையை விடலாம். வேற ஆருக்கும் இந்தத் தொழிலில இப்பிடி ஒரு ஒப்பந்தம் கிடைச்சதில்லை. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. போய்ப் பாத்திட்டு நீரே சொல்லும்."

ஏஜென்சி அலுவலகம் மருதானைப் பக்கம், ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. முகாமையாளர் தேநீர் வரவழைத்தார். அவளுக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இதற்கு முன்னே எந்த அலுவலகத்திலும் அவளுக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

"உங்க முகம் அந்தப் பக்கம் நல்லா வேலை செய்யுது" என்றார். "தலவாக்கலை, ராகலை, நோட்டன் பிரிட்ஜ், எல்லாப் பக்கமும் ஆள் வருது. அடுத்த விளம்பரத்த உங்க தோட்டத்துலயே எடுப்போம். உங்கம்மாவையும் சேர்த்துக்குவோம்."

ஷாமிலா தேநீரைத் தொடவில்லை.

"சேர், உங்க மூலமாப் போனவங்க யாராச்சும் ஒருத்தரோட நான் பேசலாமா? அங்க இப்ப இருக்கிறவங்களா இருந்தாக்கூடச் சரி."

"எதுக்கு?"

"அடுத்த தடவ சரியா நடிக்கத்தான்."

அவர் சிரித்தார். "நீங்க இப்பவே நல்லாத்தானே நடிக்கிறீங்க."

"ஒரு நம்பர் குடுத்தாப் போதும், சேர்."

"அதெல்லாம் அவங்க சொந்த விஷயம், மிஸ். குடுக்க ஏலாது." சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கைபேசிக்குப் போய்விட்டது.

"அப்பன்னா விளம்பரத்துல இருந்து எம்பேரையும் தோட்டத்துப் பேரையும் எடுத்துருங்க. மாலதின்னே போட்டுக்கலாம். நான் வந்து மறுபடி பேசித் தர்றேன், காசு வேணாம்."

முகாமையாளர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து பழைய ஒப்பந்தத்தை எடுத்து, ஓரத்தில் கையால் எழுதிய வரியின் மேல் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினார். பிறகு புது ஒப்பந்தத்தை அதன் மேல் வைத்தார். "அவசரமில்ல. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுப் பார்த்துட்டு வாங்க."

படிகளில் இறங்கும்போது ஒருத்தி எதிரே வந்து நின்றாள். கீழ்த்தட்டில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் காத்திருந்தவர்களில் ஒருத்தி. பள்ளிக்கூடம் முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும்.

"அக்கா, நீங்கதானே ஷாமிலா? லிம்போட்டுத் தோட்டம்?"

வெள்ளவத்தையில் யாரும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை. எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தாள்! ஒரு கணம் உச்சி குளிரத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

"ஆமா."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பிரேமினிங்க, ராகலை. எங்கக்காவும் இவங்க மூலமாத்தான் போனாங்க. மொத ரெண்டு மாசம் போன் பேசினாங்க. அப்பறம் போன புடுங்கிட்டாங்கன்னு யாரோ வேற ஒருத்தங்க போன்ல இருந்து ஒரு தடவ அழுதாங்க. அதுக்குப் பின்னால ஒன்னுமே இல்லிங்க. இங்க வந்தா அடுத்த வாரம் வாங்க, அடுத்த வாரம் வாங்கங்கிறாங்க. நீங்க எந்த வீட்டுல இருந்தீங்க அக்கா? எங்கக்காவ அங்க எங்கிட்டாச்சும் பார்த்தீங்களா?"

"நான் போகலிங்க. நான் நடிகை. அது விளம்பரம்."

பிரேமினிக்குப் புரியவில்லை. "இல்லிங்களே, பேரெல்லாம் சொன்னீங்களே. ஊரும் சொன்னீங்களே" என்றாள். பிடித்த கையை விடவே இல்லை.

ஷாமிலா அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றபோது அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷனுக்குப் போய்க் காலைக் கோச்சியில் ஏறித் தலவாக்கலையில் இறங்கினாள். பஸ் தரிப்பிடத்துப் பலகையில் தன் சிரிப்பைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள். தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் நடந்திருப்பாள், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரலே அவளுக்கு எதிரே வந்தது. 'நான் ஷாமிலா, லிம்போட்டுத் தோட்டம்.' பின்னாலேயே ஆட்டோ.

கையைக் காட்டி நிறுத்தினாள். ஓட்டி வந்தவருக்கு ஒரே சந்தோஷம். "அட, நீங்களா! ஏறுங்க, ஏறுங்க, காசு வேணாம்."

"அண்ணே, அத மொதல்ல நிப்பாட்டுங்க."

"மாசக் கடைசி வரைக்கும் போடச் சொல்லியிருக்காங்க தங்கச்சி. நீங்க கம்பெனில சொல்லுங்க, நான் நிப்பாட்டிர்றேன். எனக்கென்னா? தூக்கத்துலயும் ஒங்க கொரலுதான் கேக்குது." அவள் கண்ணில் படுகிற வரைக்கும் ஒலிபெருக்கியை அணைத்து வைத்தார், அதையாவது செய்தாரே என்று நினைத்துக்கொண்டு அவள் நடந்தே போனாள்.

நாகலெட்சுமி பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை, ஒரு போத்தலில் தண்ணீரைப் பிடிப்பதும் கொட்டுவதுமாக இருந்தது. ஷாமிலாவைக் கண்டதும் நாகலெட்சுமி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாடி, வாடி, பெரிய நடிகை! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற. நான் போறதுக்குள்ள ஒன்னப் பாக்க முடியாதோன்னு நெனச்சேன். வர்ற பதினெட்டாந்தேதி பிளேனு."

"போகாத நாகு."

"என்னாடி?"

"போகாத. அந்த எடம் சரியில்ல. ராகலையில ஒரு பொண்ணு, அவங்க அக்கா போயி, பேச்சு மூச்சில்லாம இருக்காங்களாம். நான் நேத்துப் போயி ஒரு நம்பர் கேட்டேன். போனவங்கள்ள ஒருத்தரோட பேசணும்னேன். குடுக்க மாட்டேங்கிறான். நல்லா இருக்கிற எடமா இருந்தா ஏன் குடுக்க மாட்டேங்கிறான்?"  வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வரிசை மாறிக் கொட்டின. "நான் டுபாய்க்கும் போகல, எங்கயும் போகல. அந்த வீடு நுகேகொடையில யாரோட வீடோ. அந்தப் பிரிஜ்ஜுக்குள்ள ஒன்னுமே இல்ல, வெறும் பெட்டி. அது நடிப்புடி. எழுதிக் குடுத்தத சொன்னேன். அத நம்பிக்கிட்டுப் போயிறாத."

 நாகலெட்சுமி மெதுவாகப் போய், பீலிக்குக் கீழே நிரம்பி வழிந்த வாளியை நகர்த்தி வைத்தாள்.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதாடி?" என்றாள். "நீ எங்கயும் போகலங்கிறது இந்த லயத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒங்கம்மா காம்பராக் கூரை இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. எங்க நாலு பேருல ஒருத்திகூட நீ டுபாய் போயிட்டு வந்தவன்னு நம்பல."

"அப்பறம் ஏன்டி போறதுக்குக் கையெழுத்து வச்ச?"

"மூணு நாடகத்துல செத்தியே, ஒன்னுலயாச்சும் பேரச் சொன்னியா? இதுல சொன்ன. தோட்டத்துப் பேரையும் சொன்ன. ஒங்கம்மா பெரட்டுல நிக்கிற தோட்டம், நான் மலைக்குப் போற தோட்டம். தரகன் வந்து ஆயிரம் சொன்னான், நான் காதுலயே வாங்கல. ஒங்கொரலக் கேட்டப்பறந்தான் யோசிச்சேன். இவ போகாட்டியும், போனவங்ககிட்டக் கேட்டிருப்பா. நல்லா விசாரிச்சிருப்பா. விசாரிக்காம நம்ம தோட்டத்துப் பேர எடுப்பாளான்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

 வழியெல்லாம் ஷாமிலா சுமந்து வந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: அது நடிப்பு. அது இங்கே ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே கேட்கப்பட்டது வேறு: விசாரித்தாயா? சம்பளம் கேட்டாள், தேதி கேட்டாள், போக்குவரத்துக் கேட்டாள், பேரைக்கூடக் கேட்டு வாங்கினாள். நீங்கள் யார், போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகப்பூச்சு மேசைக்கு முன்னால் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. பீலியடியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். விசும்பி விசும்பி, மூக்கு ஒழுக, ஓர் அழகும் இல்லாமல் அழுதாள்.

குழந்தை போத்தலைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நாகலெட்சுமி கிட்டே வரவில்லை. சின்ன வயதிலிருந்தே ஷாமிலா அழுதால் முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். இன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அழுவாதடி" என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "டி.வி.ல நீ அழுகும்போது நான் எத்தன தடவ அழுதிருக்கேன் தெரியுமா? இப்ப எது நெசம், எது நடிப்புன்னு எனக்கு வெளங்கல. பாஸ்போர்ட்டெல்லாம் ஏஜென்சிக்காரங்ககிட்டத்தான் இருக்கு, நாலு பேருதும். போயி வாங்கிட்டு வா. எங்க கையில குடுத்துட்டு அப்பறம் அழு. அப்ப நானும் கூட ஒக்காந்து அழுவுறேன்."